கோவிலம்பாக்கத்துச் சண்டை லாரி

கோவிலம்பாக்கத்தில் துரைராஜுக்குப் பதினோரு வாடகை வீடுகள், ஒரு கல்யாண மண்டபத்தில் பாதிப் பங்கு, இரண்டு முழங்காலிலும் வலி எல்லாம் இருந்தன. ஆனால் அவர் மனதுக்குள் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு முழ மஞ்சள் துணியைத்தான். ஆடி மாதம் அம்மன் வீதியுலா புறப்படும்போது பூசாரி அவர் தலையில் கட்டிவிடும் பரிவட்டம் அது. அதைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஐந்து நிமிடத்துக்காகத்தான் வருஷத்தின் மற்ற நாட்களை அவர் பொறுத்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த மரியாதை வீட்டுக்கு வந்தது ஒரு லாரியால். எண்பத்தாறாம் வருஷம் அவருடைய அப்பா ராணுவ ஏலத்தில் அதை எடுத்து வந்தார். எழுபத்தொன்றுச் சண்டையில் பாகிஸ்தான்காரனிடமிருந்து பிடித்த அமெரிக்க லாரி என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். ஜெயித்த வண்டியில் போவதுதான் அம்மனுக்கு அழகு என்று ஊர் முடிவு செய்தது. அம்மனைச் சுமக்கிற வண்டி யாருடையதோ பரிவட்டம் அவருக்கு என்பதும் அப்போதே வழக்கமாயிற்று. அப்பா லாரியின் முகப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தகரத்தில் சிங்கமுகம் ஒன்று செய்து மாட்டினார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முழு வண்டிக்கும் பச்சைப் பெயிண்ட் ஒரு கோட். மறுநாள் அதன்மேல் சந்தனம், குங்குமம்.

ஒரே குறை, வண்டி ஓடாது. அப்பா போன மறுவருஷமே இஞ்சினும் அவர் வழியே போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து இருபது வருஷமாக முன்னால் ஒரு டிராக்டர் இழுக்க, பின்னால் சண்டை லாரி கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது. டிராக்டர் சம்பத்துடையது. மணல், ஜல்லி வியாபாரம் செய்கிற சம்பத் மிகவும் பொறுமைசாலி. இருபது வருஷம் பொறுத்துவிட்டு இந்தப் பங்குனியில்தான் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"தப்பா எட்த்துக்காதீங்கண்ணா. இஸ்த்துகினு போறது என் டிராக்டரு. அம்மாவையும் சொமக்குது, உங்க லாரியையும் சொமக்குது. அப்ப மரியாத யாருக்கு?"

கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். கடைசியில் கமிட்டி நடுநிலையாக ஒரு தீர்மானம் போட்டது. வருகிற ஆடி வீதியுலாவுக்குள் லாரி தானே ஓடினால் பரிவட்டம் துரைராஜுக்கு, ஓடாவிட்டால் சம்பத்துக்கு.

மறுநாளே பம்மலில் பட்டறை வைத்திருக்கும் துலுக்காணத்தை அழைத்து வந்தார். பழைய கனரக வண்டி எதுவானாலும் துலுக்காணம் கைபட்டால் ஒருமுறையாவது உறுமும் என்று பேர். அவர் லாரிக்கு அடியில் புகுந்து, அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

"அண்ணா, இது இன்னா வண்டி?"

"சண்டை வண்டி."

"அது கெடக்கட்டும். கம்பெனி இன்னா, வருஷம் இன்னா? அது தெரியாம புதுப்பேட்டைல போயி எந்த ஸ்பேர கேக்கறது?"

"அமெரிக்கா வண்டிப்பா. அப்பாவே சொல்லியிருக்காரு."

துலுக்காணம் கையைத் துடைத்துக்கொண்டார். "எனுக்கு நம்மூரு வண்டி மாறி கீது. டேஷ்போர்டுல ஒரு தகடு இருக்கும். அத்த சொரண்டிப் பாத்தா தெரிஞ்சிடும்."

சுரண்டுவதாவது. கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துப் பெயிண்டும் சந்தனமும் குங்குமமும் சேர்ந்து அந்தத் தகட்டின்மேல் ஒரு மேடாகவே எழும்பியிருந்தன. பூஜை அறைக்கு அடுத்தபடி அந்த வீட்டில் புனிதமான இடம் அது. அதில் கை வைப்பதா என்று துரைராஜ் காதைப் பொத்திக்கொண்டார். அமெரிக்காவில் இருக்கும் மகள் தேவதர்ஷினிக்குப் போன் போட்டு, பழைய அமெரிக்க ராணுவ லாரிக்கான டீசல் பம்ப் ஒன்றை அனுப்பச் சொன்னார். அப்பா கேட்டது இந்த ஜென்மத்தில் புரியாது என்று தெரிந்ததும் அவளும் கேள்வி கேட்காமல் அனுப்பினாள்.

பம்ப் வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. துலுக்காணம் அதைப் பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி, வைத்துப் பார்த்தார். இஞ்சினில் நான்கு துளை, பம்பில் மூன்று. திருப்பி வைத்தும் பார்த்தார். அப்போதும் மூன்றுதான். பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டார்.

ஆனி பாதி கழிந்துவிட்டது. தெருமுனையில் சம்பத் டிராக்டருக்கு சீரியல் லைட் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். துரைராஜ் அந்த வழியாக நடப்பதையே விட்டுவிட்டார். ஒருநாள் காலை காபியைக் கொடுத்த கையோடு அவர் மனைவி சுபத்ரா சொன்னாள்: "மாமா சொன்னத வச்சு பம்ப் மாட்ட முடியாதுங்க. போய் சுரண்டுங்க."

கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தோசைத் திருப்பியால் சுரண்ட ஆரம்பித்தார். பச்சை, சந்தனம், குங்குமம், மறுபடி பச்சை. ஒவ்வொரு அடுக்காக அவருடைய வருஷங்கள் உதிர்ந்து மடியில் விழுந்தன. மூன்றாம் நாள் பித்தளை தெரிந்தது. துலுக்காணம் டார்ச் அடித்தார். ஜபல்பூர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு.

துரைராஜ் அப்படியே டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். சண்டை முடிந்து மூன்று வருஷம் கழித்துப் பிறந்த வண்டி எந்தச் சண்டைக்குப் போயிருக்கும்?

"சக்திமான்ணா இது, நம்ம மிலிட்டரி பேக்டரி லாரி" என்றார் துலுக்காணம், சந்தோஷமாக. "இதுக்கு பம்பு புதுப்பேட்டைல அடுக்கி வெச்சிகினு கீறான். சாயங்காலமே எட்த்தாந்துடுவேன்."

"யார்கிட்டயும் சொல்லிடாதப்பா."

"நான் இன்னாத்துக்குண்ணா சொல்றேன். எனுக்கு வண்டி ஓடணும், அவ்ளோதான்."

உண்மை தெரிந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. வாங்கி வந்த சாமான் ஒவ்வொன்றும் வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. தகட்டின்மேல் மட்டும் துரைராஜ் முன்னைவிடக் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி வைத்தார்.

ஆடி முதல் ஞாயிறு கோயிலில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரில் யாரும் சுவருக்கோ கதவுக்கோ சாயம் பூசக் கூடாது. அதற்கு மூன்றாம் நாள், புதன்கிழமை, துலுக்காணம் சாவியைத் துரைராஜ் கையிலேயே கொடுத்தார். திருகியதும் லாரி இரண்டுமுறை இருமியது. தெருவே மறைகிறமாதிரி கரும்புகை கக்கியது. பிறகு உயிர் வந்து, தலை முதல் கால்வரை குலுங்கியபடி நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கியது. துரைராஜுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

இறங்கி வந்தால், அந்தக் குலுக்கலில் டிரைவர் பக்கக் கதவின் பெயிண்ட் முழுவதும் ஊறிய சுவரின் காரை போல ஒரே பாளமாகப் பெயர்ந்து கீழே கிடந்தது. கதவில் முழ உயர வெள்ளை இங்கிலீஷ் எழுத்து: வெஜிடபிள்ஸ் ஒன்லி.

லாரி வந்த அன்றைக்கு நடந்தது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. யாரும் பார்க்க வருமுன் அந்த ஒரு கதவுக்கு மட்டும் அப்பாவே பிரஷ் பிடித்துப் பெயிண்ட் அடித்தார். உதவிக்குப் போன மகனைக் கிட்டேயே விடவில்லை. ஆக, அப்பாவுக்கு முதல் நாளே தெரியும். ஏதோ ஒரு முகாமுக்கு முட்டைக்கோஸ் சுமந்த வண்டி என்று தெரிந்தேதான் ஊரைக் கூட்டியிருக்கிறார். துரைராஜுக்கு முதலில் கோபம் வந்தது. கொஞ்சம் பொறுத்து, இத்தனை வருஷம் ஒருவரிடமும் வாய்விடாமல் அந்த மனுஷன் எப்படித்தான் தாங்கினாரோ என்று இரக்கமாகவும் இருந்தது. இப்போது தாங்கும் முறை துரைராஜுடையது.

"பெயிண்ட் அடிக்க முடியாது, காப்புக் கட்டியாச்சு" என்றார் சுபத்ராவிடம்.

"அடிக்க வேணாம். வேப்பிலையக் கட்டுங்க" என்றாள் அவள். "ஆடி மாசத்துல வேப்பிலைய யாருங்க சந்தேகப்படப் போறாங்க?" அவளுக்கு அதற்குமேல் நேரமில்லை. இந்த வருஷ அலங்காரம் அவளும் தெருப் பெண்களும் ஏற்றுக்கொண்டது; மாலை கோக்க ஆள் போதாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை துரைராஜே ஓட்ட, லாரி ஒரே திருகில் கிளம்பி, கோயில் வாசலில் வந்து நின்றது. விசில் பறந்தது. வேலையில்லாமல் ஓரமாக நின்ற டிராக்டரின் சீரியல் லைட் மட்டும் பாவமாக மின்னிக்கொண்டிருந்தது. அம்மனை மேலே ஏற்றினார்கள். "பாகிஸ்தானைப் புறமுதுகிட்டு ஓட வைத்துப் பிடித்த வண்டியில் நம் தாய் பவனி வருகிறாள்" என்று மைக் முழங்கியது. பூசாரி தட்டில் பரிவட்டத்தோடு வந்தார்.

அப்போதுதான், யாரோ அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று படியில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக் கதவின் வேப்பிலையைத் தின்ன ஆரம்பித்தது. அம்மனுக்கு விட்ட ஆட்டை அடித்து விரட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? துரைராஜ் உள்ளேயிருந்து கெஞ்சுகிற குரலில் "சூ, சூ" என்றார். அது நிதானமாகத் தின்று முடித்துவிட்டு இறங்கிப் போயிற்று.

சம்பத் கிட்டே வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "வெஜிடபிள்ஸ் ஒன்லி. இன்னாண்ணா இது? பாகிஸ்தான்காரன் சண்டைக்கு கத்திரிக்கா எட்த்துகினு வந்தானா?"

சிரிப்பு கூட்டத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. சீட்டுக்கு அடியில் ஒளிய இடம் இருந்தால் துரைராஜ் ஒளிந்திருப்பார்.

தெருமுனையில் கீரை விற்கும் புஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அது இன்னான்னு எழ்திகீது?"

"காய்கறி மட்டும்னு" என்றார் சம்பத்.

"மேல கீறவ இன்னா கட்டிகினு கீறா?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாகற்காய் மாலை, கத்திரிக்காய்க் கிரீடம், இரண்டு பக்கமும் புடலங்காய்த் தோரணம். சுபத்ராவும் பெண்களும் நான்கு நாள் கோத்த காய்கறி அலங்காரத்தில் அம்மன் பச்சைப் பசேலென்று அமர்ந்திருந்தாள்.

முதல் குலவையும் புஷ்பத்தினுடையதுதான். அதற்குள் சிரித்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பத் இன்னும் ஒருபடி மேலே போய்த் தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்ததும் கண் கலங்கச் சொன்னார்:

"அம்மா தானே கைப்பட எழ்தி வெச்ச வண்டி இது. இனிமே இத்த துரைராஜ் அண்ணன் வண்டின்னு சொல்றது ஊருக்கே நல்லதில்ல. அம்மா வண்டி."

ஆமாம் என்றது ஊர். பூசாரி தட்டோடு யோசித்தபடி நின்றார். வண்டி யாருடையதோ பரிவட்டம் அவருக்கு. வழக்கத்தை மீற முடியாது.

துரைராஜுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அம்மன் எழுதவில்லை, இது முட்டைக்கோஸ் லாரி, எங்கப்பா பொய் சொல்லி ஊரை நம்பவைத்த லாரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வண்டி அவருக்கே. அப்பாவின் பேர்தான் போய்விடும். வார்த்தையை விழுங்கிக்கொண்டு, பூசாரி படியேறுவதைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, கொஞ்சம் குனிந்தும் கொடுத்தார்.

மஞ்சள் துணி அவர் காதை உரசிக்கொண்டு போயிற்று. பூசாரி அதை அம்மா வண்டியின் பக்கக் கண்ணாடியில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, குங்குமம் வைத்துவிட்டு இறங்கினார்.

கீழே நின்ற சுபத்ரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தலைய உள்ள இழுத்துக்குங்க" என்றாள் மெதுவாக. "வண்டி எடுக்கணும்."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டார். யாரும் இழுக்காமல் லாரி நகர்ந்தது.