வெள்ளிக்கிழமைகளில் சொன்னது

...உலை மேல்தான் தப்பு இருக்க வேண்டும், சூடு கூடிப்போயிருக்கும், கரண்ட் ஏறி இறங்கியிருக்கும், என்று அவள் காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டுக்கு இடுக்கியால் கிண்ணத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துவிட்டது, ஆறிப்போன கிண்ணம், வழவழவென்று, அழகாகத்தான் இருந்தது, ஆனால் கட்டைவிரல் போக வேண்டிய வாயில் சுண்டுவிரல்தான் போனது. பாவம், உலை என்ன செய்யும்? அதே உலைதான் ஒரு தட்டு நிறையக் கடைவாய்ப்பற்களையும் சேர்த்துச் சுட்டுக் கொடுத்திருக்கிறது, ஒன்றில்கூட மயிரிழை விரிசல் இல்லை, எல்லாம் நாளைக்கே யார் யாருடைய வாய்க்கோ போய் எதையாவது மெல்லத் தயாராக உட்கார்ந்திருக்கின்றன. தப்பு அவளுடையதுதான். சாக்குக்கட்டி மாதிரி இருக்கும் அந்த வெள்ளைக் கட்டியைக் கடைந்து உலையில் வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கித்தான் கல்லாகும், அதனால் எதையும் பெரிதாகக் கடைய வேண்டும், பல் என்றால் மெஷினே அந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளும், கையால் கடைகிற கிண்ணத்துக்கு நாம்தான் போட வேண்டும், செயற்கைப் பற்கள் செய்கிற இந்த லேபில் சேர்ந்த முதல் வாரமே படித்த பாடம் அது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்... எப்படி மறந்தாள்? மறந்தாளா?

சரி, இனிமேல் வேறு கடைவதற்கு நேரமில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு எதிரில் இருக்கிற மதுக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்தப் பல் லேபை விட்டு யார் விலகினாலும் இப்படி ஒரு கிண்ணம் செய்வது வழக்கம், யார் ஆரம்பித்ததோ தெரியாது, மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லின் வடிவம், அதன் மூன்று வேர்களும்தான் கிண்ணத்துக்கு மூன்று கால்கள், விலகுகிறவர் எதிர்க்கடையின் நீள மேஜையில் நடுவில் உட்கார்ந்து அதில் தன் கையால் ஊற்றி ஊற்றி ஒவ்வொருவருக்கும் நீட்டுவார், வாங்கி ஒரே மடக்காகக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கடைசியில் கிண்ணம் அவரோடு போய்விடும். வாங்காமல் இருந்தவர் என்று ஒரே ஒருவரைத்தான் சொல்வார்கள், கணக்கெழுத வந்த ஒரு மனிதர், நீட்டிய கிண்ணத்தைப் பார்த்து வேண்டாம் என்றாராம், அவருடைய நிஜப் பெயர் இன்றைக்கு லேபில் ஒருவருக்கும் ஞாபகமில்லை, பேச்சு வந்தால் வேண்டாம்சார் என்றுதான் சொல்வார்கள், வேண்டாம்சார் போட்ட கணக்கு, வேண்டாம்சார் உட்கார்ந்த நாற்காலி. இன்றைக்கு விலகுகிறவள் மெழுகு. பக்கத்து மேஜைக்காரி, சுடுவதற்கு முன்னால் பற்களை மெழுகில் செதுக்கிப் பார்க்கிறவள், அதனால் அந்தப் பெயர், பீங்கான் பொடியைக் குழைத்துப் பூசுகிற இவளுக்குப் பொடி என்று பெயர் வைத்ததும் மெழுகுதான். மெழுகின் வீட்டுக்காரருக்கு ரொம்ப தூரத்து ஊருக்கு மாற்றல். கிண்ணம் செய்கிற வேலையைப் பொடியிடம்தான் கொடுத்தார்கள், அவளை விட்டால் வேறு யார். அவள் குடிப்பதை விட்டுவிட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இந்தக் கிண்ணம் அதில் சேராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்... மெழுகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குழாயடியில் நின்று நகக்கண்ணில் ஏறியிருந்த வெள்ளையைத் தேய்த்துக் கழுவினாள். ஏன் விட்டாள் என்று கேட்டால் சொல்வதற்கு உருப்படியாக ஒன்று இருந்திருக்கலாம், அதுதான் இத்தனை தொந்தரவு. விழுந்து கால் ஒடிந்திருந்தால் சொல்லலாம், ஈரல் கெட்டிருந்தால் ரிப்போர்ட்டையே காட்டிவிடலாம். முதல் வாரம் எல்லோரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள், குழந்தையா என்று, அது இல்லை என்றானதும் மாத்திரையா என்றார்கள், அதுவும் இல்லை என்றதும் முகத்தைப் பார்த்தார்கள், யாரோ மனசை உடைத்துவிட்டார்கள் என்று ஏதாவது கதை கிடைக்குமா என்று. ஒன்றுமில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் தலைவலி இல்லாமல் எழுந்தாள், முந்தின சாயங்காலம் மழையில் மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான், ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி ஈரத்துணியை உதறி உதறிக் காயப்போடுவதை முழுசாகப் பார்த்தாள், கடைசித் துணி வரைக்கும், அவ்வளவு நேரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்க முடிந்தது பிடித்திருந்தது, அடுத்த வாரமும் அப்படியே இருக்கட்டுமே என்று தோன்றியது, அதற்கடுத்த வாரமும். இதை எப்படி மேஜையில் சொல்வது? எதிர்வீட்டுத் துணியைப் பார்ப்பதற்காகக் குடியை விட்டேன் என்றா? அம்மாகூட போனில் அலுத்துக்கொண்டாள். பிறந்தாலும் ஊற்றுகிறார்கள், செத்தாலும் ஊற்றுகிறார்கள், சம்பளம் ஏறினாலும் பல்லைப் பிடுங்கினாலும் ஊற்றுகிறார்கள், நீ மட்டும் என்ன ஆகாசத்திலிருந்து குதித்தவளா, மரியாதைக்கு உதட்டில் தொட்டு வைத்தால் என்ன குறைந்துபோகும் என்று. அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது, உதட்டில் தொட்டு வைக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது... அவளுக்குத் தெரியும். அதோடு மெழுகுக்கும் தெரிந்துவிடும், மெழுகின் கண்ணுக்கு எதுவும் தப்பாது, கால் மில்லிமீட்டர் தூக்கியிருக்கிற பல்லை அறையின் அந்தக் கோடியிலிருந்தே சொல்லிவிடுகிறவள்.

மெழுகுக்கு இதில் கோபம் வேறு உண்டு. குடிப்பதைப் பற்றி இல்லை, மேஜையைப் பற்றி. அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதிர்க்கடையின் நீள மேஜை ஆண்களுக்குத்தான், பெண்கள் வெள்ளிக்கிழமை சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போக வேண்டியதுதான், யாரும் போகச் சொன்னதில்லை, யாரும் இருக்கச் சொன்னதுமில்லை. ஒருநாள் மெழுகுதான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நாற்காலியைக் கரகரவென்று தரையில் தேய்த்து இழுத்து உட்கார்ந்தாள், இங்கே ரெண்டு என்று குரல் கொடுத்தாள், கடைக்காரர் அவர்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் யாருக்கு என்ன வேலை, எந்த டாக்டர் எந்தப் பல்லைத் திருப்பி அனுப்பினார், முதலாளி யாரை எங்கே மாற்றப் போகிறார் எல்லாம் அவர்கள் காதிலும் விழ ஆரம்பித்தது. அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த இடத்தை நீயே விட்டுட்டுப் போறியா, என்று மெழுகு ஒரு தடவை கேட்டாள். விட்டுப் போகவில்லையே, சோடாவை வைத்துக்கொண்டு அங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன் என்றதும் மெழுகு சோடாவைப் பார்த்தாள், யார் வீட்டுக் குழந்தையையோ பார்ப்பது மாதிரி. உட்கார்ந்திருந்தாள் என்பதும் பாதி உண்மைதான், இப்போதெல்லாம் பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறாள், ஒரே கதை மூன்றாவது முறை வரும்போது எங்கே சிரிப்பது என்று தெரிவதில்லை.

தெருவைத் தாண்டும்போது வெயில் சாய்ந்து கண்ணில் அடித்தது, பையில் பஞ்சு சுற்றி வைத்த கிண்ணம், மனம் என்னவோ லேசாகத்தான் இருந்தது, பயம் இருந்தது, ஆனால் பரீட்சை எழுதிவிட்டு வருகிறவளின் பயம், எழுதப் போகிறவளுடையது இல்லை. கடைக்குள் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, ஈரத்துணியால் துடைத்த மேஜையில் வட்டம் வட்டமாகக் கிளாஸ் வைத்த தடங்கள், முதலாளி வழக்கம்போல எழுந்து நின்று பேச ஆரம்பித்து வழக்கம்போல நடுவில் புது மெஷினின் விலைக்குப் போய்விட்டார், பாலிஷ் போடுகிற அண்ணன்தான் அவர் சட்டையை இழுத்து உட்கார வைத்தார். அவள் பஞ்சைப் பிரித்துக் கிண்ணத்தை எடுத்து மெழுகின் முன்னால் வைத்தாள். பாலிஷ் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, பால்பல்லா?"

மேஜையே குலுங்கியது. கணக்கு தப்பிடுச்சு அண்ணே, சுருங்குறதை விட்டுட்டேன் என்று அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை, உனக்கா கணக்கு தப்பும் என்றார்கள், குடியை விட்டவளிடம் கிண்ணம் செய்யச் சொன்னால் இப்படித்தான் என்றார்கள், அடுத்த தடவை ஊசித்துவாரத்தில் ஊற்றுவோம் என்றார் முதலாளி. அவளும் சிரித்தாள், நிஜமாகவே சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே அந்தக் கேள்வி மட்டும் எழுந்து நின்றுகொண்டே இருந்தது, மறந்தேனா, இல்லை கைக்கு வேறு ஏதாவது தெரிந்திருந்ததா, கிண்ணம் சிறுத்தால் தப்பும் சிறுக்கும் என்று கை நினைத்துக்கொண்டதா... மெழுகு மட்டும் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மூன்று கால்களையும் நகத்தால் தட்டினாள், வேலை சுத்தம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஊற்ற ஆரம்பித்தாள். முதலாளி குடித்தார், பாலிஷ் அண்ணன் குடித்துவிட்டு நாக்கு நனையவில்லை என்று புகார் சொன்னார், வண்டி ஓட்டுகிறவர், ரிசப்ஷனில் இருக்கிற பெண், ஒவ்வொருவராகக் கிண்ணம் நகர்ந்து நகர்ந்து வந்தது, எவ்வளவு சின்னதாக இருந்தால் என்ன, வருகிற வேகம் குறையவில்லை, மெழுகின் கை ஊற்றும்போது ஒரு துளிகூடச் சிந்தவில்லை, அந்தக் கைக்கு அது ஒரு பெருமை. பிறகு அது அவள் முன்னால் நின்றது. நிறைந்து, விளிம்பில் ததும்பி. நாலைந்து சொட்டு இருக்குமா? வாங்கிக் குடித்தால் தொண்டைக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். மெழுகின் முகம் வியர்த்திருந்தது, சிரிப்பும் அழுகையும் இரண்டும் தயாராக இருந்தன அதில், எது முதலில் வரும் என்பது தன் கையில் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கிண்ணத்தை இரண்டு விரலால் வாங்கினாள், எல்லோருடைய விரலும் பட்டு வெதுவெதுப்பாக இருந்தது. மாத்திரை என்று சொல்லியிருக்கலாம். உதட்டில் தொட்டிருக்கலாம்.

"மெழுகு, எனக்கு வேண்டாம்டி."

கத்திச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. மெழுகு அவளைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு அதை அவள் விரல்களிலிருந்து எடுத்துத் தன் வாயிலேயே கவிழ்த்துக்கொண்டு, சரி, உன் பங்கும் எனக்கே, என்றாள், அடுத்தவருக்கு ஊற்றினாள். ஆயிற்று. வாரம் முழுக்கச் சுமந்தது அந்த நேரத்துக்குள் முடிந்துவிட்டது. புது வேண்டாம் வந்தாச்சு என்று பாலிஷ் அண்ணன் அறிவித்தார், இனி அந்தப் பெயரோடுதான் வாழ வேண்டும், வாழலாம், பொடியைவிட மோசமில்லை. ஆனால் அதற்குப் பிறகு மெழுகு அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லோரிடமும் பேசினாள், எல்லோரையும் கட்டிக்கொண்டாள், அவளிடம் வரும்போது பேச்சு தானாகவே வேறு யாரிடமாவது வளைந்து போயிற்று, அவள் சோடாவில் மேலே ஏறி வருகிற குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இது நிலைத்துவிட்டால் என்ன செய்வது, இத்தனை வருஷம் பக்கத்து மேஜையில் இருந்தவள் கடைசியாகக் கொடுத்ததை வாங்காதவள் என்றே அந்தத் தூரத்து ஊரில் ஞாபகம் வைத்துக்கொண்டால்... இருந்தாலும் குடித்திருக்கலாமே என்று மட்டும் தோன்றவில்லை, எவ்வளவு துழாவிப் பார்த்தும் அந்த நினைப்பு உள்ளே எங்கேயும் கிடைக்கவில்லை, அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்றைக்குப் பாதியில் எழுந்திருக்கவில்லை. எல்லாக் கதைகளும் மூன்று முறை வந்தன, மூன்றாவது முறை எங்கே சிரிப்பது என்பதும் பிடிபட்டுவிட்டது, கதையைப் பார்க்கக் கூடாது, சொல்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

கடையை விட்டு வெளியே வந்தபோது தெருவிளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. எல்லோரும் கலைந்ததும் மெழுகு நேராக அவளிடம் வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி அவள் கையைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டாள், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள், எப்போதும் நடந்த மாதிரி, எல்லா வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நடந்திருக்கிறார்கள், அவள் குடியை விட்டதிலிருந்துதான் இந்த நடை இல்லாமல் போயிருந்தது. மெழுகு நல்ல கனம். இதுவரைக்கும் தெரிந்ததே இல்லை, தானும் அதே அளவு சாய்ந்திருந்தால் எப்படித் தெரியும். துணிக்கடை, பூட்டிய பாங்க், மூலையில் மருந்துக்கடை, அதன் விளக்கைத் தாண்டியதும் மெழுகு நின்றுவிட்டாள்.

"சரி, சொல்லு."

என்ன சொல்ல என்று கேட்டாள். கிண்ணத்துக்கு மன்னிப்பா? அதைச் சொல்லவும் தயாராகத்தான் இருந்தாள். மெழுகு தலையை ஆட்டினாள். "அது இல்லடி, எப்பவும் இந்த இடத்துக்கு வந்ததும் ஒண்ணு சொல்வியே. அதைச் சொல்லு, கேட்டுட்டுப் போறேன்."

அவளுக்குத் தெரியவில்லை. மருந்துக்கடையைப் பார்த்தாள், கண்ணாடிக் கதவு, மேலே பச்சை விளக்கு, அதைப் பார்த்தால் ஏதாவது வரும் என்று பார்த்தாள், எத்தனையோ வெள்ளிக்கிழமை இங்கே நின்றிருக்கிறாள், நின்றது தெரியும், காற்று முகத்தில் பட்டது தெரியும், அதற்குமேல் மெழுகின் மேல் சாய்ந்திருந்த ஒரு கதகதப்பைத் தவிர எதுவும் மிச்சமில்லை. ஜோக்கா? திட்டா? ஏதாவது சத்தியம் பண்ணினாளா? குடித்துக் கழித்த அந்தச் சாயங்காலங்கள் எல்லாம் போனவை என்று நினைத்திருந்தாள், போனால் போகட்டும் என்றுகூட, ஆனால் ஒருத்தி அவற்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மெழுகு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு புரிந்துவிட்டது, அந்தக் கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாதே, கோபித்துக்கொள்ளவில்லை, உரக்கச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரவாயில்லடி, எனக்கு ஞாபகம் இருக்கு, அது போதும் என்றாள். என்னன்னு சொல்லிட்டுப் போயேன் என்று அவள் கெஞ்சியதற்கு, நானே சொல்லிக்கிட்டா அது நல்லாவா இருக்கும், என்று சொல்லிவிட்டு ஸ்டாப்பில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள், ஜன்னலில் கை மட்டும் தெரிந்தது, அதுவும் போயிற்று.

அவள் நின்றுகொண்டிருந்தாள், வீட்டுக்குப் போக அவசரம் ஒன்றும் இல்லை, தலை தெளிவாக இருந்தது, காலடியில் தெரு கெட்டியாக இருந்தது, வருத்தமா என்று கேட்டுப் பார்த்தாள், இல்லை, என்னவோ ஒரு நிறைவுகூட இருந்தது, தான் வீணாக்கிவிட்டதாக நினைத்திருந்த நாட்களில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஏதோ ஒன்று கொடுத்திருக்கிறாளே என்று. இன்றைக்கு அதே இடத்தில் நின்று, தெளிந்த தலையோடு மெழுகிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள், ஒரு வாக்கியம் வந்தது, சின்ன வாக்கியம், நாக்கில் வைத்துச் சொல்லிப் பார்த்தாள், சரியாகத்தான் இருப்பதுபோல் இருந்தது... ஆனால் அது அதேதானா, இல்லை இது புதுசா, குடித்திருந்த அந்த இன்னொருத்தி எப்போதாவது இதைவிட நல்லதாக ஒன்றைச் சொல்லியிருப்பாளா?