பேசிக்கொண்டே ஆடும் ஆட்டம்

என் இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது, பயத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. ஒரு மைதானம் நிறைய பிள்ளைகளை ஒரே விசிலில் கைதூக்க வைக்கிறவள். என் நெஞ்சுக்குள் இருக்கிற ஒன்று மட்டும் சொல்பேச்சு கேட்காது என்றால் மானக்கேடுதானே.

மருத்துவர் மாத்திரை எழுதினார். இறகுப்பந்து ஆடலாமா என்று கேட்டேன்.

"தாராளமா ஆடுங்க. ஆடிக்கிட்டே பேச முடியணும், அதுதான் அளவு. பேச்சு வரலைன்னாலோ தலை சுத்தினாலோ அங்கேயே நிறுத்திடணும்" என்றார்.

"இவளாவது நிறுத்துறதாவது" என்றார் பக்கத்தில் இருந்த என் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். "மோட்டார் நல்லாத்தான் இருக்கு, வயரிங்லதான் கோளாறு" என்று என் நோயை உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அவரே விளக்கிவிட்டார்.

நான் ஆடுவது என் நாத்தனாரோடு. கணவரின் அக்கா. நூலகர். நாள் முழுக்க உதட்டில் விரல் வைத்து ஊரை அடக்குகிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவரோடு ஆடுகிறேன், ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அவர் எம்பி அடிக்கிற அடியில் பந்து என் காலடியில் வந்து செத்து விழும். ஆட்டம் முடிந்தால் "நாளைக்கு வா, உனக்கு இருக்கு" என்று மிரட்டிவிட்டுப் போவார். அவரை ஒரே ஒருமுறை தோற்கடித்துவிட்டு, அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் எனக்கிருந்த பேராசை அவ்வளவுதான்.

மருத்துவர் சொன்னபடி நான் பேசிக்கொண்டே ஆடினேன். தலைமையாசிரியரின் புது மூக்குக்கண்ணாடி, எதிர்வீட்டுச் சண்டை, மிக்ஸி ரிப்பேர் என்று வாய் ஓயாது. அமைதிக்கே சம்பளம் வாங்குகிற மனுஷிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான் மூச்சுவாங்க ஒரு நொடி நிறுத்தினால் பெஞ்சிலிருந்து கணவர் தண்ணீர் பாட்டிலோடு எழுந்துவிடுவார்.

அந்த வாரமே ஜெயித்தேன். ஆசிரியர் அறை முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். மறுநாளும் ஜெயித்தேன். அதற்கடுத்த நாளும் ஜெயித்தபோதுதான் உறைத்தது. பந்து என் மட்டையைத் தேடி மரியாதையாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய அடியைக் காணவே காணோம்.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்தேன். அவருக்குப் பொய் சொல்லவே வராது.

"நான்தான் அக்காகிட்ட மெதுவா ஆடச் சொன்னேன். நீ வெறி பிடிச்ச மாதிரி ஓடுவே. ஓடி, விழுந்துட்டா?"

"அதுக்குப் பிச்சை போடுவீங்களா? இப்படி ஜெயிக்கிறதுக்கு மட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டுடுறேன்."

கத்தினேனே தவிர, அழுகை வந்தது. மாத்திரை தின்பதில் எனக்கு வருத்தமில்லை. என்னோடு சண்டை போட ஆளில்லாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் நான் போனபோது நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தார். பாதி தாண்டியிருந்தார். அதை நான் ஏற்கெனவே படித்துவிட்டேன். ஆட்டம் தொடங்கியது. வழக்கம்போல் பந்து பணிவாக வந்தது.

"அண்ணி, டாக்டர் என்னைப் பேசிட்டே ஆடச் சொல்லியிருக்காரு இல்லையா?"

"அதான் தெரியுமே."

"அந்தக் கதையில கொலை பண்ணினது யாருன்னா..."

அவ்வளவுதான். பந்து என் காதோரம் சீறிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. அந்தப் பழைய அடி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"வாயை மூடு" என்றார் நூலகர்.

"மூடக் கூடாதாமே. கொலை பண்ணினது அந்த..."

அடுத்த அடி. நான் ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தை ஆரம்பிப்பேன், அவர் முடிக்க விடமாட்டார். நானும் விழுந்து விழுந்து எடுத்தேன். பெஞ்சில் இருந்தவர் "அக்கா, மெதுவா" என்று கெஞ்சியது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. கடைசிப் புள்ளிக்கு வந்தோம். அதை யார் எடுத்தாலும் அவருக்கு ஜெயம். வாக்கியத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ படபடத்து, நின்று, மறுபடி படபடத்தது.

பந்து உயரமாக வந்துகொண்டிருந்தது. எட்டினால் எடுக்கலாம். வாழ்நாள் ஆசை தலைக்கு மேலே மிதந்து வருகிறது. நான் கையைத் தூக்கினேன், மட்டை இல்லாத கையை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பந்து என் பக்கத்தில் விழுந்தது.

நாத்தனார் வலைக்கு அடியில் குனிந்து ஓடிவந்தார். கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் சத்தம் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார்.

"பேசுடி. ஏதாவது பேசு. நீ பாட்டுக்குப் போயிட்டா நான் யார்கூடடி மல்லுக்கட்டுவேன்?" என்று அழுதார் நாத்தனார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

துடிப்பு மெல்ல அடங்கியது. தலை சுற்றவில்லை. மூச்சு திரும்பியதும் பேசினேன்.

"தபால்காரர்தான் கொலைகாரர்."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார். கணவரோ என் மணிக்கட்டை விடவில்லை.

"நிறுத்திட்டியே" என்றார், நம்ப முடியாதவர்போல. "நீயாவே நிறுத்திட்டியே. நீ நிறுத்த மாட்டேன்னுதானே நான் பயந்தேன்."

"பின்னே? நாளைக்கும் ஆட வேண்டாமா?"

அவர் தலையாட்டினார். பிறகு அக்காவைப் பார்த்து, "இனிமே உன் இஷ்டத்துக்கு அடி" என்றார்.

"நீ சொல்லணுமா? கடைசிப் பக்கத்தைக் கெடுத்தவளைச் சும்மா விடுவேனா?" என்றார் நாத்தனார். "நாளைக்கு வா, உனக்கு இருக்கு."

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.