ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை

கல்ஃபில் பிழைக்கிறவனுக்கு இரண்டு உயிர் என்பார் விஜயபாஸ்கர். ஒன்று உடம்பில் இருக்கிறது, மற்றது விசாவில் இருக்கிறது. முதல் உயிர் போனால் உடம்பைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்புவார்கள். இரண்டாவது போனால் ஆளையே உயிரோடு அனுப்பிவிடுவார்கள். ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸில் சூப்பர்வைசராக இருந்து, ஷார்ஜா ரோலாவில் குடும்பம் நடத்தி, கற்ற பாடம் இது. இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கமாட்டார்.

அதனால்தான் அந்த ஜனவரி முழுக்க, ஃபின்லாந்தில் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த மகன் வருண் போன் பண்ணும்போதெல்லாம், ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "எப்ப வர்ற?" என்பதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அமீரகத்து விசாக்காரன் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் விசா தானாகச் செத்துப்போகும். வருணுடையது அப்பா ஸ்பான்சரில் எடுத்த விசா. ஆகஸ்ட் ஆரம்பத்தில் போனவன் பிப்ரவரி பிறந்ததும் ஒரு தடவை வந்து ஷார்ஜா மண்ணை மிதித்துவிட்டுப் போனால் போதும், அது மறுபடியும் ஆறு மாதம் மூச்சு விடும்.

பாலைவனத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஐஸ் ஹாக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்காத ஆள் கிடையாது. வெயிலிலிருந்துதான் வந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சின்னப் பையனை எங்கே கூட்டிப் போய் ஓடவிடுவது? பூங்காவுக்குப் போனால் ஊஞ்சல் கம்பி கையைச் சுட்டுவிடும். துபாய் மால் ஒன்றில் பனித்தரை இருந்தது. விஜயபாஸ்கரும் மனைவி பஞ்சவர்ணமும் ஓரமாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து காபி குடிப்பார்கள், பையன் விழுந்து எழுந்து சறுக்குவான். ஏ.சி.க்காகப் போன இடத்தில் ஒரு கனடாக்காரப் பயிற்சியாளர் பையனைப் பார்த்துவிட்டார். ஊரைவிட்டுப் போகும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் விட்டுச்சென்ற ஸ்கேட்டும் ஹெல்மெட்டும் போட்டே வருண் வளர்ந்தான். இருபத்தொரு வயதில் ஃபின்லாந்தில் ஒரு சின்ன ஊர் கிளப் அவனை ஒரு சீசனுக்குச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது.

அவன் டிஃபென்ஸ்மேன். கோல் போடுவது அவன் வேலையில்லை, போட வருகிறவனை மறிப்பதுதான் வேலை. ரப்பர் வட்டு கல் மாதிரிப் பறந்து வரும், அதன் குறுக்கே போய் விழவேண்டும். விஜயபாஸ்கருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "எத்தனை கோல்?" என்பார். "அப்பா, நான் டிஃபென்ஸ்" என்பான். "சரிடா, இருந்தாலும் எத்தனை?" என்பார்.

அந்தக் கிளப்புக்கு மேலே, முதல் லீக்கில் ஆடுகிற பெரிய டீம் ஒன்று உண்டு. அங்கே எவனுக்காவது அடிபட்டால் இங்கேயிருந்து ஒருவனை ஏற்றிக்கொள்வார்கள். காலையில் போன் வரும், சாயங்காலம் ஆட்டம். கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்கிறவனுக்குத்தான் இடம். கீழே ஆடுகிற பையன்கள் எல்லாம் அந்த ஒரு போனுக்காகத்தான் உடம்பைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

"அப்பா, பெரிய டீம்ல ரெண்டு டிஃபென்ஸ்மேனுக்கு இஞ்சுரி" என்றான் வருண், ஜனவரிக் கடைசியில். "இன்னும் ஒருத்தன் விழுந்தா நெக்ஸ்ட் நான்தானாம். எங்கயும் போகாதன்னு கோச் சொல்றார்."

"லீவு விட்டிருக்குன்னியே?"

"எங்க டீமுக்குத்தான் நாலு நாள் லீவு. அவங்களுக்கு மேட்ச் இருக்கு."

"ஒரே ஒரு நாள் வந்து தலையக் காட்டிட்டுப் போடா. ஆட்டம் இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு. விசா போனா போனதுதான். நாளைக்கே காலு கையி ஒடஞ்சா எங்க வருவ? கறம்பக்குடியில உனக்கு யாரத் தெரியும்?"

வருண் பிறந்தது ஷார்ஜாவில். அப்பாவின் சொந்த ஊரான கறம்பக்குடி அவனுக்கு நாலைந்து கல்யாணங்களும் ஒரு வயிற்றுப்போக்கும்தான்.

"அவன் போக்குல விடுங்களேன்" என்றாள் பஞ்சவர்ணம். "போனா புதுசா எடுத்துக்கிட்டாப் போச்சு."

"எடுத்துக்கிட்டாப் போச்சாம்ல! ராமையா கதை மறந்துபோச்சா உனக்கு?" என்று எகிறினார். ராமையா அவருடைய பழைய ரூம்மேட். தங்கச்சி கல்யாணத்துக்குப் போனவன் அது இதென்று இழுத்தடித்து, ஆறு மாதத்தைத் தாண்டிக் கொஞ்ச நாள் கழித்து வந்தான். ஏர்போர்ட்டிலேயே திருப்பி விட்டார்கள். இன்றைக்கும் பட்டுக்கோட்டையில் யாரோ ஒருவருடைய லாரிக்கு டிரைவராக இருக்கிறான். ராமையாவின் பேரை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சுக் கிடையாது.

டிக்கெட்டை அவரே எடுத்தார். ரத்து செய்யமுடியாத டிக்கெட். வாட்ஸப்பில் அனுப்பினார். இரண்டு நீலக் கோடு விழுந்து வெகுநேரம் கழித்து "ஓகேப்பா" என்று வந்தது. பெற்றவர் சொல்லைத் தட்டாத பிள்ளையாக வளர்த்ததில் அவருக்கு அன்றைக்குப் பெருமைதான்.

ஷார்ஜா ஏர்போர்ட்டில் மகன் வெளியே வந்ததும் கட்டிப்பிடித்துவிட்டு, பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார்.

"ஸ்டாம்ப் எங்கடா?"

"ஸ்டாம்ப்லாம் இல்லப்பா இப்ப. கேமராவப் பாத்தேன், கேட் திறந்துச்சு."

அவருக்கு மனசு ஆறவில்லை. காரில் ஏறியதும் போனில் விசா ஆப்பைத் திறந்து பார்த்தார். விசா உயிரோடு இருப்பதாகப் பச்சையில் காட்டியது. அப்புறம்தான் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் பஞ்சவர்ணத்திடம் அந்தப் பச்சையைக் காட்டினார். அவள் மகனின் தாடையில் இருந்த தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வருணின் போன் அடித்தது. எழுந்து நின்று பேசினான். கோச் பேசுவது விஜயபாஸ்கருக்கே கேட்டது. மூன்றாவது ஆளும் விழுந்துவிட்டான், சாயங்காலம் ஆட்டம், மத்தியானத்துக்குள் அரங்கத்துக்கு வந்துவிடு.

"ஐ ஆம் இன் ஷார்ஜா, கோச்" என்றான் வருண்.

கோச் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். வருண் சொன்னான். சரி, பார்க்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

வருண் போனைக் கவிழ்த்து வைத்தான். "கூப்பிட்டுட்டாங்கப்பா" என்றான். குரலில் கோபமில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

கைலியோடு ஓடினார் விஜயபாஸ்கர். இரண்டு தெரு தள்ளி சாதிக் பாட்ஷாவின் டிராவல்ஸ். பாய் ஷட்டரையே இன்னும் முழுதாகத் தூக்கவில்லை.

"பாய், ஃபின்லாந்து. இப்பவே. சாயங்காலத்துக்குள்ள புள்ள அங்க நிக்கணும்."

சாதிக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். இஸ்தான்புல் வழி பார்த்தார், தோஹா வழி பார்த்தார். எதில் ஏறினாலும் ஆட்டம் முடிந்த பிறகுதான் இறங்கமுடியும். "ராக்கெட்டுதான் விடணும் அண்ணே" என்றார். எப்போதும் இப்படிப் பேசுகிற மனுஷர்தான். விஜயபாஸ்கரின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது விஷயம் முடிந்திருந்தது. வருணோடு ஜோடியாக ஆடுகிற பையனை ஏற்றிக்கொண்டார்களாம். லீவுக்கு அவன் எங்கேயும் போகவில்லை, அவனுக்கு அதே ஊர்தான் சொந்த ஊர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். உடைத்தது யாருடைய கை என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் வருணே அந்த ஆட்டத்தை டிவியில் போட்டான். விஜயபாஸ்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அதோ, ஆறாம் நம்பர். அவன்தான்" என்றான் வருண். "பாருங்க, எதிராளி ஃபுல் ஸ்பீட்ல வர்றான். இவன் அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேக்வேர்டா சறுக்குறான் பாருங்க. அவசரப்பட்டு முன்னாடி பாஞ்சா அவன் சைடுல போயிருவான். பொறுமையாப் பின்னால போயிக்கிட்டே அவன ஓரத்துக்குத் தள்ளணும். ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். ஒண்ணும் நடக்கக்கூடாது, அதுதாம்பா என் வேல."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக விஜயபாஸ்கருக்கு ஆட்டம் புரிந்தது. எத்தனை கோல் என்று கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்து கூசியது. புரிந்த நேரத்தைப் பாருங்கள்! மகனுடைய இடத்தில் வேறொருத்தன் சறுக்கிக்கொண்டிருக்கும்போது.

ஆறாம் நம்பர் ஒரு வட்டின் குறுக்கே விழுந்து மறித்தான். அரங்கமே எழுந்து கத்தியது.

"நல்லா ஆடுறாம்பா" என்றான் வருண்.

பஞ்சவர்ணம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. இவன் நம்மைத் திட்டினால் தேவலையே, ஒரு டம்ளரையாவது தூக்கி எறிந்தால் தேவலையே என்று விஜயபாஸ்கர் தவித்தார். வருண் ஆட்டம் முடிகிறவரை பார்த்துவிட்டு, டிவியை அணைத்துவிட்டு, பெட்டியைக் கட்டப் போனான்.

ஆறாம் நம்பர் கீழே இறங்கவே இல்லை. பெரிய டீமில் நிலைத்துவிட்டான். வருண் பழைய கிளப்பிலேயே ஆடினான். மார்ச்சில் அவனைப் பாதி ஆட்டங்களுக்கு உட்காரவைத்தார்கள். கூப்பிட்டபோது ஊரில் இல்லாதவன் என்று ஒரு பெயர் ஏறிவிட்டது போலிருக்கிறது. அவன் அப்படிச் சொல்லவில்லை, விஜயபாஸ்கரே அப்படி நினைத்துக்கொண்டார். இப்போது அவர் எத்தனை கோல் என்று கேட்பதில்லை. "எத்தனை பேர மறிச்ச?" என்று கேட்டார். "இன்னைக்கு ஆடலப்பா" என்ற பதில் அடிக்கடி வந்தது.

ஏப்ரலில் வேர்ஹவுஸைப் புது முதலாளி வாங்கினார். வாங்கினவர் முதலில் செய்தது பழைய சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி வழியனுப்பியது. மெஷின் வரப்போகிறதாம். கலாஸ், அவ்வளவுதான். விஜயபாஸ்கர் தெரிந்த இடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரனுக்குப் புது விசா அடிக்க யார் வருவார்கள்? வருணிடம் சொல்லவேண்டாம், சீசன் முடியட்டும் என்று பஞ்சவர்ணத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கம்பெனி அவர் விசாவைக் கேன்சல் செய்ய வேண்டுமென்றால், முதலில் அவர் ஸ்பான்சரில் இருக்கிற குடும்பத்து விசாக்களை அவரே கேன்சல் செய்யவேண்டும். அதுதான் முறை. ஆகவே ஒரு காலையில் ரோலாவில் விசாத் தாள்கள் அடித்துக்கொடுக்கிற டைப்பிங் சென்டருக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தார். கவுன்ட்டரில் மர்ஜானா என்ற பெண், மலையாளி, பழக்கமானவள். பஞ்சவர்ணத்தின் விவரங்களை அடித்து முடித்தாள்.

"மகன் நாட்டுக்கு உள்ளேயா வெளியேயா அங்கிள்?"

"வெளிய."

"கன்ஃபர்மா? செய்துவிட்டால் திரும்பாது."

தலையாட்டினார். அவள் தட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது. பிப்ரவரியில் பிள்ளையைக் கடல் தாண்டி இழுத்துவந்து காப்பாற்றிய விசா சாக, ஒரு டீ ஆறுகிற நேரம்கூடப் பிடிக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து நடைபாதையில் நின்றார். வெயில் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. வருண்.

"அப்பா, டூட்டியா? பேசலாமா?"

"சொல்லுடா."

"கான்ட்ராக்ட் ரினியூ பண்ணலப்பா. இப்பதான் மீட்டிங் முடிஞ்சுது. இங்க பர்மிட்டும் அதோட முடிஞ்சுரும், அடுத்த வாரம் கிளம்பணும்." என்றான். "வேற கிளப் எதுவும் கேக்கல. கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டு பாக்கறேன்."

விஜயபாஸ்கர் மடித்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"நான் உங்க மேல கோவமாத்தான் இருந்தேன்பா" என்றான் வருண். "சொல்லலையே தவிர, ரொம்பக் கோவம். இன்னைக்குத்தான் யோசிச்சேன். நல்லவேளை, பிப்ரவரியில வந்துட்டுப் போனேன். விசா இருக்கு. இல்லன்னா எங்கப்பா போயிருப்பேன்? நீங்க சொன்னது கரெக்ட்தான்."

ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"ஷார்ஜாவுக்கே டிக்கெட் போட்டுருங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"போடுறேன்" என்றார் விஜயபாஸ்கர்.