நாற்பத்தெட்டாம் வீட்டின் இரண்டாம் ஆள்

செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனை ஆய்வுக்கூடத்து நர்ஸ் போன் செய்தார். டெங்கு ஆய்வில் நாற்பத்தெட்டாம் வீட்டின் இரண்டாம் ஆள் நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் ரத்தத்தில் ஒரு புரதம் எக்கச்சக்கமாக இருக்கிறதாம். ரத்தக்குழாய்கள் கசியப்போவதை முன்கூட்டியே காட்டும் புரதம். உயிருக்கே ஆபத்து, உடனே வந்து சேருங்கள் என்றார்.

"அது நாலு மாசம் முன்னாடி எடுத்த ரத்தம்."

"ரிசல்ட் இப்பதானே வந்திருக்கு? தாமதிக்காம வாங்க."

போனேன். மனைவி இறந்த பிறகு யார் எங்கே கூப்பிட்டாலும் போய்விடுகிறேன். மறுப்பதற்கு ஒரு காரணம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அவள் இறந்ததும் டெங்குவில்தான். காய்ச்சலின் மூன்றாம் நாள் இதே மருத்துவமனைக்கு வந்தோம். ஆய்வுக்காக ஒவ்வொரு வீட்டிலும் நோயாளி ஒருவர், நலமாக இருப்பவர் ஒருவர் என்று ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் போய்விட்டாள்.

என்னைப் படுக்க வைத்தார்கள். மணிக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்த்தார்கள். வாந்தி உண்டா, வயிற்று வலி உண்டா என்று நர்ஸ் கேட்பார். இல்லை என்பேன். 'இதுவரை இல்லை' என்று எழுதிக்கொள்வார். இந்த அளவு இருப்பவரால் எழுந்து நடக்கவே முடியாது என்று ஆய்வை நடத்தும் டாக்டரம்மா சொன்னார். வார்டின் கடைசிவரை நடந்து காட்டினேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மாற்றுத்துணியோடு அத்தை வந்தார். என் மாமியார். கட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜுரத்தோட வந்த என் பொண்ண வீட்டுக்கு அனுப்பினாங்க. நல்லா இருக்கிற மாப்பிள்ளையப் படுக்க வச்சிருக்காங்க. கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்."

மறுநாள் டாக்டரம்மா முகம் தொங்கிப்போய் வந்தார். நான் நோயில் விழாதது அவருக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது.

"உங்க மனைவியோட அளவு ரொம்பக் கம்மி. அவங்க இறந்துட்டாங்க. உங்களோடது உச்சாணிக் கொம்புல நிக்குது. நீங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கீங்க."

ஏதோ பிழை, இந்த வீட்டையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு ரத்த மாதிரிக் குழாய்களையும் தூக்கி எறியப்போகிறோம் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோயாளியின் குழாய்க்கு எண் ஒன்று, நலமானவரின் குழாய்க்கு எண் இரண்டு என்பது அவர்கள் விதி. அன்று ரத்தம் எடுத்தவரோ கை நீட்டிய வரிசையில் எண் போட்டிருக்கிறார். அவளுக்கு ஊசி என்றால் பயம். "நீங்க முதல்ல குத்திக்கோங்க. வலிச்சா உங்க மூஞ்சியே சொல்லிடும்," என்றாள். நான் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.

"ரெண்டாவது குழாய் அவளோடது," என்றேன்.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நிரூபிக்க மறுபடி என் ரத்தம் எடுத்தார்கள். முதல் குழாயும் இதுவும் ஒரே ஆளுடையது என்று தெரிய இரண்டு நாள் ஆனது. அதுவரை கட்டிலை விட்டு இறங்க அனுமதி இல்லை. கம்ப்யூட்டரில் நான் இன்னும் ஆபத்தில் இருந்தேன்.

பிறகு திருத்தப் படிவம் வந்தது. முதலாம் ஆள் உயிருடன். இரண்டாம் ஆள் மரணம். இரண்டாம் ஆள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் நர்ஸ். படிவம் கம்ப்யூட்டரில் ஏறும்வரை அது நான்தானாம்.

பேனாவை வாங்கிக்கொண்டு படிவத்தை மறுபடி படித்தேன். அலுவலகம், வங்கி, குடும்ப அட்டை, எல்லா இடத்திலும் அவள் பெயரை நானே அடித்து நீக்கியிருக்கிறேன். இந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நாலு மாதமாக அவள் ரத்தத்துக்கு எதிரே 'நலம்' என்று இருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் அந்த ரத்தம் குப்பைக்குப் போகும்.

"மூணாம் நாளே இவ்வளவு இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றார் டாக்டரம்மா. "அன்னிக்கு உடனே பார்த்துச் சொல்ற வசதி இல்ல. அதுக்குத்தான் இந்த ஆய்வே. உங்க வீட்டை எடுத்துட்டா, இந்தப் புரதத்தை நம்பலாமான்னே தெரியாமப் போயிடும்."

கையெழுத்துப் போட்டேன்.

ஆளுக்கொரு புள்ளி வைத்திருந்த கம்ப்யூட்டர் திரையில் அவள் புள்ளி நலமானவர்களின் வரிசையிலிருந்து மறைந்து, இறந்தவர்களின் வரிசையில் எல்லோருக்கும் மேலே வந்து நின்றது. இப்போது சரியாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. என் புள்ளி எது என்று கேட்டேன். கீழே விரலை வைத்தார். அங்கே முப்பது நாற்பது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"இதுல ஒண்ணு," என்றார்.