பின்சீட்டிலிருந்து பார்த்தது

எங்கள் சலவைக் கடைக்கு ஒரே ஒரு வேன். பழைய கியர் வண்டி. ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு மருமகளும் கத்துக்குங்க. யாருக்கு முதல்ல லைசென்ஸ் வருதோ அவங்க டெலிவரிக்குப் போகட்டும். இன்னொருத்தர் இஸ்திரி மேசைய பாத்துக்கட்டும்."

அந்த மேசை முன்னால் நான் ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, மறுபடி படுக்கை விரிப்பு. என் ஓரகத்தி, சின்னவள், இந்த வீட்டுக்கு வந்து பதினாலு மாதம்தான் ஆகிறது. நியாயமாக வேன் எனக்குத்தான். ஆனால் கிளட்ச்சுக்கு நியாயம் தெரியாதே.

டிரைவிங் மாஸ்டர் எங்கள் இருவரையும் ஒரே காரில் கூட்டிப்போவார். ஒருத்தி ஓட்டும்போது மற்றவள் பின்சீட்டில். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. முதல் நாளே சொல்லிவிட்டேன்: "உங்க காலை எடுத்துடுங்க மாஸ்டர். நான் ஓட்டுறதுன்னா நான்தான் ஓட்டணும்."

அவர் காலை இழுத்துக்கொண்டார். நான் கிளட்ச்சை விட்டேன். கார் ஒரு குதி குதித்து அணைந்தது.

பிறகு சிக்னலில் அணைந்தது, மேட்டில் அணைந்தது. பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து, "தள்ளி விடணுமாம்மா?" என்று கேட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் என் செருப்பைக் குறை சொன்னேன்.

சின்னவள் உட்கார்ந்தால் அதே கார் பூப்போல நகரும். எனக்கு வயிறு எரிந்தது. என் கணவரே வீட்டில், "அவளுக்கு இது கைவந்த கலை" என்றார். அந்த வாரம் அவர் சட்டைகளுக்கு மட்டும் இஸ்திரி கிடையாது.

மூன்றாவது வாரம், மேட்டில் அவள் வண்டியை நிறுத்தி எடுக்கும்போது என் தண்ணீர் பாட்டில் முன்சீட்டுப் பக்கம் உருண்டது. எடுக்கக் குனிந்தேன். மாஸ்டரின் கால் கிளட்ச்சில் இருந்தது. சின்னவள் சட்டென்று காலைத் தூக்கிவிட்டாள். அவர்தான் கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொல்லக்கூடாது. பாட்டிலை எடுத்து, நிதானமாக இரண்டு வாய் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, அடுத்த நான்கு வாரமும் திறக்கவில்லை.

டெஸ்டில் மாஸ்டருக்கு இடமில்லை. கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். சின்னவள்தான் முதலில் போனாள். மேட்டில் மூன்று முறை அணைந்தது, பின்னால் உருண்டது. அதிகாரி அவளை இறக்கிவிட்டார். நான் ஏறினேன். ஏழு வாரம் நூறு தடவை அணைத்தவளுக்கு எங்கே அணையும் என்று கால் அறியும். தேறிவிட்டேன்.

அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்க்கா, நீங்க ஜெயிப்பீங்கன்னு." கண்ணில் ஈரம் இருந்தது, பொறாமை துளியும் இல்லை. பாவி, அதிலும் என்னை முந்திவிட்டாள்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் மாமனார் சாவியைக் கொடுத்தார். முதல் நாள் காலை சின்னவளே மூட்டைகளை வேனில் ஏற்றினாள்.

"அக்கா, அடுத்த மாசம் மறுபடி டெஸ்ட். கிளாஸ்ல நல்லாத்தானே ஓட்டுனேன்? நீங்க பின்னாலேருந்து பாத்தீங்கல்ல, எங்க தப்பு பண்றேன்?"

சாவி கையில் இருந்ததால் தைரியம் வந்தது போலும். "மாஸ்டரைக் காலை எடுக்கச் சொல்லு. உனக்குப் பதிலா அவர்தான் கிளட்ச்ச மெதுவா விடுறார்."

மூட்டையைக் கீழே வைத்தாள். "எப்ப பாத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"மூணாவது வாரம்."

அவள் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். கடைசி மூட்டையைத் தூக்கி ஏற்றி, கதவைச் சரியாகச் சாத்தி, உள்ளே போய்விட்டாள்.

வேனைக் கிளப்பினேன். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. கண்ணாடியில் கடை வாசல் தெரிந்தது. உள்ளே என் மேசை முன்னால், நான் நிற்கிற இடத்தில் நின்று, அவள் முதல் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.