நாற்பத்திரண்டு பரவாயில்லை

தையல்கார அக்காவின் நோட்டில் நாற்பத்திரண்டு பக்கங்களிலும் ஒரே வார்த்தைதான் இருந்தது: பரவாயில்லை. எழுத்து மட்டும் சில நாள் நிமிர்ந்து நின்றது, சில நாள் கோட்டை விட்டுச் சரிந்து கிடந்தது. அந்தச் சரிவை நான் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் வலியை ஆராய்கிற உளவியலாளர் என்று என் அறைக் கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

முடக்குவாதத்தோடு காலம் தள்ளுகிற இருபத்து மூன்று பேருக்கு ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, இன்று வலி எப்படி என்று நாளுக்கொரு பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தேன். வாரம் இரண்டு நாள் அவர்களுக்குக் கைப்பயிற்சி வகுப்பு. அந்த வகுப்பால் வலி குறைகிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. மற்றவர்கள் ‘குடையுது’ என்றும் ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்றும் எழுதினார்கள். ஒருவர் ‘மச்சான் வந்திருக்கார், வலி ஜாஸ்தி’ என்று எழுதியிருந்தார். அக்கா மட்டும் பரவாயில்லை. நான் அதை ‘நல்ல குணம்’ என்ற கட்டத்தில் போட்டுக்கொண்டே வந்தேன். கேள்வித்தாளிலும் பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா என்ற இடத்தில் ‘சுலபமாக’ என்று டிக் அடித்திருந்தார். மொத்தமாகப் பார்த்தால் என் ஆராய்ச்சியிலேயே முதல் மார்க் அக்காவுக்குத்தான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குணமானவருக்கு வகுப்பு எதற்கு, காத்திருக்கிற வேறொருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். நானும் தலையாட்டிவிட்டேன்.

இடத்தை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட அக்கா அன்று காலை வந்தார். வேன் ஓட்டுகிற அவர் வீட்டுக்காரரும் கூட வந்து, கதவோரம் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். அக்கா பேனாவை எடுத்தார். விரல்கள் மடங்கவில்லை. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தார். பேனா நழுவி மேஜைக்கு அடியில் உருண்டு போனது.

“இன்னைக்கு எப்படிக்கா இருக்கு?”

“பரவால்ல மேடம்.”

எனக்குச் சுருக்கென்றது.

“பரவால்லன்னா, வலி இல்லைன்னுதானே?”

அக்கா என்னைப் பாவமே என்பது போலப் பார்த்தார். “பரவால்லன்னா, நீங்க கேட்டதே போதும்னு அர்த்தம் மேடம். கேக்கறவங்க மூஞ்சியப் பாத்துட்டு வேற என்ன சொல்றது?”

“நோட்டுக்கு ஏதுக்கா மூஞ்சி?”

“நோட்டு நீங்க குடுத்ததாச்சே.”

கதவோரம் சாவிச் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “ஒம்போது வருஷமா நானும் கேக்கறேன் மேடம். சட்டுனு ‘பரவால்ல’ன்னா நெசமாவே பரவால்ல. ‘ம்ம், பரவால்ல’ன்னு இழுத்தா அன்னைக்கு கட ஷட்டர நான்தான் இறக்கணும். ‘பரவால்ல, விடு’ன்னா வாயத் தொறக்காம வேனை எடுத்துட்டுப் போயிடணும்.”

அக்கா அவரை முறைத்தார். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. ஆறு வாரமாக நோட்டும் கட்டமும் வைத்துக்கொண்டு நான் கோட்டை விட்டதை, இந்த மனிதர் வெறும் காதை வைத்துக்கொண்டு பிடித்திருக்கிறார். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மூன்றையும் எழுதிக்கொண்டேன். பிறகு அக்கா கையெழுத்துப் போட வேண்டியிருந்த தாளை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

“அப்ப நான் இன்னும் வரலாமா?” அக்காவின் குரல் சின்னப் பிள்ளையுடையது போல ஆகிவிட்டது. “வகுப்புல இருக்கற அந்த ரெண்டு மணி நேரந்தான் மேடம் யாருக்கும் பரவால்ல சொல்லாம இருக்கேன். அங்க யாரும் கேக்கறதில்ல. எல்லாருக்கும் தெரியுமே.”

“வாங்கக்கா. டாக்டர்கிட்ட தப்பு என்னோடதுன்னு நானே சொல்லிக்கறேன்.” என் முதல் மார்க் போயே போய்விட்டது. எனக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. “ஆனா இந்த பாட்டில் மூடி?”

“அது நெசந்தான் மேடம். வலி இருந்தாலும் மூடி மட்டும் இப்ப லேசா தொறந்துக்குது. அது எப்படின்னுதான் புரியல.” மறுபடி பெயரைப் பதிய அக்கா வெளியே போனார்.

வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் குனிந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நிமிரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். “காலைல அவ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற எல்லா மூடியையும் ஒரு சுத்து தளர்த்தி வச்சிடுவேன். தண்ணி பாட்டில், எண்ண டப்பா, பேஸ்ட்டு கூட. சொல்லிடாதீங்க.”

நான் கேள்வித்தாளில் ‘சுலபமாக’ என்பதை அடித்துவிட்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே வேனுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். அக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியில் விரலை வைத்தவர், எடுத்துவிட்டார். “கை வலிக்குது, நீங்களே தொறங்க” என்று அவர் சொன்னது மாடி வரை கேட்டது. பாட்டிலை நீட்டினார்.

காலையில் தானே தளர்த்தி வைத்த மூடியை வீட்டுக்காரர் இரண்டு கையாலும் பிடித்து, காலை அகட்டி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முக்கி முக்கித் திருகினார். தண்ணீர் அவர் சட்டையெல்லாம் கொட்டியது. அக்கா வேன் கதவில் சாய்ந்து, திறந்த பாட்டிலை வாங்கக்கூட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.