தோத்தாத்ரி சார் வீட்டுப் பட்டுத் திரை

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் கலைக்கூடம் என்பது ஒரே ஒரு நீளமான ஹால்தான். சுவரில் படங்கள் மாட்டுவோம்; சனிக்கிழமைகளில் நாடகமோ கச்சேரியோ நடக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கூடத்துக்குச் செயலாளர். தலைவர் தோத்தாத்ரி சார், ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தோராம் வருஷத்து ஐப்பசிக் கண்காட்சிக்கு முந்தின நாள் அவர் ஒரு படத்தின் முன்னால் நின்று, மூக்கைப் பிடிக்காத குறையாக முகம் சுளித்தார்.

வரைந்தவள் யூனிஸ், எங்கள் பள்ளி டிராயிங் டீச்சர். படத்தில் இருப்பவள் அனகாபுத்தூரில் பதனிடுகிற தோலைக் கழுவும் கிளியம்மாள். ஆற்றில் இறங்கி, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஈரத் தோலோடு நம்மை நேராகப் பார்க்கிறாள். அந்த முழங்கால்தான் சாருக்குப் பிடிக்கவில்லை. குடும்பத்தோடு வருகிற இடத்தில் இது அசிங்கம், கழற்றுங்கள் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் இதே சுவரில் புராணப் பெண்கள் அரைகுறை ஆடையோடு குளித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என்ன நளினம், என்ன நளினம் என்று உருகியவர் இவர்தான். அவர்களுக்கு வேலைவெட்டி கிடையாது, அதனால் நளினம். இவள் வேலை செய்கிறாள், அதனால் அசிங்கமாம்.

யூனிஸ் அதிகம் பேசமாட்டாள். அந்தப் படம் இறங்கினால் தன் படங்கள் எல்லாமே இறங்கும் என்று மட்டும் சொன்னாள். பாதிச் சுவர் அவளுடையது. சார் பதிலுக்கு, பிடிவாதம் பிடித்தால் ஹாலைப் பூட்டிக் கல்யாண மண்டபமாக்கிவிடுவேன் என்றார். வெறும் மிரட்டல் இல்லை அது. கமிட்டியில் பாதிப் பேர் அதற்குத்தான் காத்திருந்தார்கள். நாங்களோ கிளியம்மாளை நேரில் போய் அழைத்துவிட்டு வந்திருந்தோம். வேலையை விட்டுவிட்டு வருகிறவளிடம், உன் படம் மட்டும் இல்லை என்று எந்த மூஞ்சியோடு சொல்வது?

கடைசியில் சாரே ஒரு வழி சொன்னார். ஜில்லா அதிகாரி வந்து துவக்கிவைத்துவிட்டுப் போகும்வரை படத்தை மூடி வைக்க வேண்டும், கழற்றுவதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். நான் ஒரு பழைய போர்வையை எடுத்தேன். அதிகாரி கண்ணில் கிழிசல் போர்வை படுவதா, கூடத்தின் கௌரவம் என்ன ஆவது என்று பதறி, தம் வீட்டிலிருந்து ஒரு பச்சைப் பட்டுத் திரையை வரவழைத்தார். சரிகைக் கரை, இழுக்கக் கயிறு, கயிற்றின் நுனியில் குஞ்சம். தம் கையாலேயே மாட்டிவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. விழா நாளில் பட்டுத் திரை போட்ட படம் சுவரில் தொங்கினால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. தானே போய்த் தலையைக் கொடுக்கிறவரை நான் ஏன் தடுக்க வேண்டும்?

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. வாசலில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அதிகாரி வந்தார், குத்துவிளக்கை ஏற்றினார், சுவரைப் பார்த்தார். பச்சைத் திரையைக் கண்டதும் அவர் கால் தானாக அங்கே போயிற்று. எத்தனை தலைவர்களின் படத்தைத் திறந்துவைத்த கை அது! தோத்தாத்ரி சார் எழுந்து குறுக்கே போவதற்குள் குஞ்சத்தைப் பிடித்து இழுத்துவிட்டார்.

கூட்டம் கைதட்டியது. திரை விலகினால் கைதட்டுவது நமக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். தோத்தாத்ரி சாரும் தட்டினார். பாதியில் ஞாபகம் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காலஞ்சென்ற யாரோ ஒரு பெரியவரை எதிர்பார்த்த அதிகாரி கொஞ்சம் திகைத்தார். ஆனாலும் மேடைப் பழக்கம் உள்ளவர். உழைப்பின் பெருமை என்று ஆரம்பித்து வெளுத்து வாங்கிவிட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கிளியம்மாளை எங்களைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

பேச்சு முடிந்து, அதிகாரியைக் குடை பிடித்துக் கார்வரை கொண்டுவிட்டு, தண்ணீரில் சளப் சளப் என்று திரும்பி வந்தார் தோத்தாத்ரி சார். நேராக என்னிடம் வந்து, படத்தை இந்த நிமிஷமே கழற்று என்றார்.

"பெரிய அதிகாரி திறந்து வச்ச படம் சார். கழட்டணும்னா அவர்கிட்டயே கேட்டுட்டு வாங்க," என்றேன். "ஹாலைப் பூட்டணும்னா பூட்டுங்க. நாங்க உள்ளயே உட்கார்ந்திருக்கோம்."

யூனிஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் படத்துக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் பக்கத்தில் நின்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்த கிளியம்மாளைச் சார் கவனித்தார். படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு பேர் பார்க்க இப்படி நிக்க உனக்கு வெட்கமா இல்லையாம்மா?" என்று கேட்டார்.

கிளியம்மாள் அவரை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள்.

"தண்ணில எறங்கினா தூக்கித்தான் சொருவணும் சார். நீங்களும் இப்ப அப்டித்தான நின்னுகினு கீறீங்க?"

ஹாலில் இருந்த அத்தனை கண்களும் கீழே இறங்கின. மடித்துக் கட்டிய வேட்டிக்கு அடியில், சேறு தெறித்த அவருடைய முழங்கால்கள் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. யாரோ சிரித்தார்கள். அவர் வேட்டியை அவசரமாக அவிழ்த்து இறக்கிவிட்டார். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தம் பட்டுத் திரையை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு மழையில் நடந்தார்.

சுவரில் இருந்தவள் தன் புடவையை இறக்கவில்லை.